சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்
கடைக் காமிராப் பதிவிலிருந்து தெளிவான படம் எடுப்பது எப்படி?



கடையில் காமிரா பொருத்தாத வணிகர் இன்று நம்மில் மிகச் சிலரே. பலசரக்குக் கடை, அரிசி மண்டி, எண்ணெய்க் கடை, தோல் கிடங்கு என எங்கு நுழைந்தாலும் காமிரா இருப்பதாக அறிவிக்கும் பலகை ஒன்று தொங்குகிறது. ஆனால் திருட்டோ தகராறோ நடந்த பிறகு அந்தப் பதிவிலிருந்து ஒரு தெளிவான படத்தை எடுத்துப் போலீசாரிடம் கொடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாத காரணத்தால் ஒரு நல்ல மனிதரின் பெயருக்குக் களங்கம் உண்டாக்கினோம். அந்தத் தவறு வேறு எந்தக் கடையிலும் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுத முன்வந்தோம்.

பணப்பை காணாமல் போன நாள்

ஆம்பூரில் சம்பள வாரம் எப்படி இருக்கும் என்பது நம் பகுதி வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷூ கம்பெனிகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் சம்பளம் போட்டதும் பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு மாலையில், சில்லறைக் கடைகளில் வசூலித்து வந்த 80 ஆயிரம் ரூபாய் இருந்த துணிப்பை எங்கள் மண்டியின் கல்லா மேசையிலிருந்து மறைந்துவிட்டது.

எங்கள் கணக்கப்பிள்ளை செல்போனில் காமிராச் செயலியைத் திறந்து பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர் மேசை அருகில் குனிவது தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். அதை இரண்டு விரலால் பெரிதாக்கி இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். அதைக் கடைத்தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்துக்குள் நான்கு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இது உங்க லோடுமேன் மாதிரி இருக்கே!"

எங்கள் கண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதே உயரம், அதே தோள், அதே மாதிரிச் சட்டை. 11 ஆண்டுகளாக எங்களிடம் மூட்டை தூக்குபவர். கூப்பிட்டுப் படத்தைக் காட்டினோம். "அய்யா, அந்த நேரத்துல நான் லாரிகிட்ட இருந்தேன். இது நான் இல்லீங்க" என்றார். நாங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பேசாமல் நின்றதே அவருக்குப் பதிலாகிவிட்டது. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவருடைய மகள் படிக்கும் பள்ளிக்கூடம் வரை அந்தப் படம் போய்விட்டது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரத் தம்பி ஒருவர் அரிசி வாங்க வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல முகமே இல்லையே அய்யா, எதை வெச்சு ஆளைச் சொன்னீங்க? ரெக்கார்டர் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். பெட்டியிலிருந்து அன்றைய பதிவைப் பென் டிரைவில் எடுத்து, தம் கம்ப்யூட்டரில் போட்டார். கல்லாப் பக்கத்துக் காமிராவை விட்டுவிட்டு, வாசல் தராசு அருகில் இருந்த காமிராவின் பதிவை ஓட்டினார். அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் வாசலைக் கடக்க மூன்று வினாடி ஆகியிருந்தது. எங்கள் காமிரா வினாடிக்கு 15 படம் எடுப்பது. ஆக மொத்தம் 45 படங்கள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்ததில் 43 படங்கள் பயனற்றவை. இரண்டில் மட்டும் அந்த ஆள் தலை நிமிர்ந்து தராசு முள்ளைப் பார்த்திருந்தார். காதோரம் நரைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க முன்பின் அறியாத ஆள். எங்கள் லோடுமேனுக்கு வயது 38.

அந்தப் படத்தைப் போலீசாரிடம் கொடுத்தோம். ஆள் பிடிபட்டார். பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. போன பணத்தைப் பற்றி எங்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. வியாபாரத்தில் வருவதும் போவதும் உண்டு. லோடுமேன் வீட்டு வாசலில் போய் நின்ற அந்த மாலைதான் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. இனி, அந்த ஸ்டுடியோத் தம்பியிடமும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறோம்.

வீடியோ என்பது படங்களின் மூட்டை

ஓடும் வீடியோ என்பது உண்மையில் அசையாத படங்களின் வரிசையே. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 படங்கள். கடைக் காமிராவில் இடத்தை மிச்சம் பிடிக்க 12, 15 என்று குறைத்து வைப்பதும் உண்டு. இந்த ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். நாம் எடுக்க வேண்டிய படம் அந்த மூட்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அரிசி மூட்டையில் ஊசி குத்தி மாதிரி எடுப்பதுபோல் நல்ல பிரேமைத் தேடி வெளியே எடுப்பதுதான் வேலை. மூட்டையில் இருப்பது பழுப்பு அரிசி என்றால், எப்படிக் குத்தினாலும் வெள்ளை அரிசி வராது.

பழைய கல்யாணக் கேசட் காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வி.சி.ஆரில் கேசட்டைப் போட்டு, தாத்தா முகம் வரும் இடத்தில் நிறுத்தினால் திரையில் கோடு கோடாக ஓடும். வி.எச்.எஸ். கேசட்டின் தெளிவு குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுதான். மேலும் அக்காலத்து முறையில் ஒரு பிரேமின் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும், இரட்டைப்படை வரிகள் அடுத்த முறையும் பதிவாகும். இடைப்பட்ட நேரத்தில் ஆள் நகர்ந்துவிட்டால், நிறுத்திய படத்தில் ஓரங்கள் சீப்புப் பல்லைப்போல் தெரியும். பழைய ஒயர் காமிராவும் பழைய பெட்டியும் வைத்திருக்கும் கடைகளில் இன்றும் இந்தச் சீப்புப் பல்லைக் காணலாம். இரண்டு வகை வரிகளில் ஒன்றை நீக்கிச் சரிசெய்யும் வசதி எடிட்டிங் மென்பொருள்களில் உண்டு. டிஇன்டர்லேஸ் என்று கேட்டால் ஸ்டுடியோக்காரர் செய்து தருவார்.

முகத்தில் எத்தனை புள்ளி?

டிஜிட்டல் படம் என்பது புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்று சொல்வது இந்தப் புள்ளியைத்தான். 2 மெகாபிக்சல் காமிராவின் படம் அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி. ஆக மொத்தம் சுமார் 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். பழைய பெட்டிகளில் 704க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம். அதைவிடச் சிறியது 352க்கு 288, சுமார் 1 லட்சம்.

மொத்தப் புள்ளியைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை புள்ளி கிடைக்கிறது என்பதே கணக்கு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62676-4 என்னும் தரக்குறிப்பின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அளவு சொன்னது. யாரோ ஒருவர் இருக்கிறார் என்று தெரிய மீட்டருக்கு 25 புள்ளி போதும். ஏற்கெனவே நமக்குப் பழக்கமான ஆளை இன்னார் என்று சொல்ல 125 புள்ளி வேண்டும். முன்பின் அறியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 புள்ளி வேண்டும்.

இதைப் பலசரக்குக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 1920ஐ 250ஆல் வகுத்தால் 7.68 மீட்டர், அதாவது சுமார் 25 அடி. உங்கள் 2 மெகாபிக்சல் காமிரா, ஆள் நிற்கும் இடத்தில் 25 அடிக்கு மேல் அகலமான காட்சியைப் பிடிக்கிறது என்றால், அறியாதவர் முகத்தை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கடை முழுவதும் தெரிகிறதே என்று நாம் மகிழ்கிறோம். கடை முழுவதும் தெரிந்தால் முகம் தெரியாது.

எங்கள் மண்டியில் கல்லாப் பக்கத்துக் காமிரா 40 அடி அகலத்தைப் பிடிக்கும். அதாவது சுமார் 12 மீட்டர். மூலப் பதிவிலேயே மீட்டருக்கு 157 புள்ளிதான். ஆனால் கணக்கப்பிள்ளை எடுத்தது செல்போன் செயலியில் வந்த 352 புள்ளி அகலமுள்ள சிறிய படம். அதன்படி மீட்டருக்கு 29 புள்ளி. மனித முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர் என்று வைத்தால், முகத்தின் குறுக்கே விழுந்தது ஐந்து புள்ளிகூட இல்லை. அந்த ஐந்து புள்ளியை வைத்துத்தான் 11 ஆண்டு உழைத்த மனிதரை நாங்கள் சந்தேகித்தோம். வாசல் காமிரா 10 அடி அகலத்தை மட்டுமே பார்ப்பது. அதில் அதே முகத்தின் குறுக்கே சுமார் 100 புள்ளி கிடைத்தது.

செல்போன் ஸ்கிரீன்ஷாட் ஏன் கூடாது?

காமிராக்கள் பெரும்பாலும் இரண்டு வகைப் படத்தை அனுப்புகின்றன. ஒன்று முழு அளவு, அது ரெக்கார்டர் பெட்டியின் ஹார்டு டிஸ்கில் பதிவாவது. மற்றது சிறிய அளவு, இன்டர்நெட் செலவைக் குறைக்கச் செல்போனுக்கு அனுப்புவது. செயலியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சிறியதின் நகல் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது மேலும் சுருக்கப்படுகிறது. டி.வி. திரையைச் செல்போனால் படம் எடுத்தாலோ திரையின் வரிகளும் டியூப் லைட் பளபளப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஜெராக்சுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்த கதைதான்.

பதிவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. எச்.264, எச்.265 என்னும் முறைகளில் எல்லாப் பிரேமும் முழுதாக எழுதப்படுவதில்லை. நாம் ஒரு நாள் முழு இருப்பு எடுத்து எழுதிவிட்டு, அடுத்த நாட்களில் வரவு செலவு மட்டும் எழுதுவோமே, அதைப்போல ஒரு பிரேம் முழுப் படம், அடுத்து வருபவை மாற்றங்கள் மட்டும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு பிரேம்களில்கூட ஒன்று தெளிவாகவும் ஒன்று கட்டம் கட்டமாகவும் இருக்கலாம். முதலில் நிறுத்திய இடத்திலேயே படம் எடுத்துத் திருப்தி அடையாமல், முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

படம் எடுக்கும் முறை

1. முதல் வேலை மூலப் பதிவைக் காப்பாற்றுவது. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பெட்டி பழையதை அழித்துப் புதியதை எழுதும். 2 மெகாபிக்சல் காமிரா வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளொன்றுக்கு 43 ஜி.பி. ஆகும். நான்கு காமிராவுக்கு 172 ஜி.பி.க்கு மேல். 1000 ஜி.பி. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்களின் பதிவு அதற்குள் அழிந்துவிடும்.

2. பெட்டியில் பென் டிரைவைச் செருகி, பேக்கப் என்ற பகுதியில், சம்பவத்துக்கு அரை மணி முன்பிருந்து அரை மணி பின்பு வரை எல்லாக் காமிராவின் பதிவையும் எடுங்கள். வந்த ஆள் எந்தக் காமிராவில் நன்றாக விழுந்திருக்கிறார் என்பது அப்போது தெரியாது. பெட்டி தன் சொந்த வடிவில் கோப்பும், அதை ஓட்டும் மென்பொருளும் தருமானால் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அந்தப் பென் டிரைவை மூலமாக வைத்துக்கொண்டு, ஒரு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

4. கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளில் நகலைத் திறங்கள். சரியான இடத்துக்கு அருகில் நிறுத்தி, ஆங்கில ஈ எழுத்துள்ள விசையை ஒருமுறை தட்டினால் ஒரு பிரேம் நகரும். நல்ல பிரேம் வந்ததும் ஷிப்ட் விசையோடு எஸ் விசையை அழுத்தினால், பதிவின் முழு அளவிலேயே படம் சேமிக்கப்படும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் திரையின் அளவுதான் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

5. படத்தைப் பி.என்.ஜி. வடிவில் வைத்திருங்கள். ஜேபெக் வடிவில் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது தரம் போகும்.

6. ஒரே படத்தோடு நிறுத்தாமல், முகம், சட்டை, செருப்பு, வண்டி எண், கையில் இருந்த பொருள் என்று ஒவ்வொன்றும் தெளிவாக உள்ள தனித்தனிப் பிரேம்களை எடுங்கள். ஆளின் முழு உருவமும் சுற்றுப்புறமும் தெரியும் படம் ஒன்றும் இருக்கட்டும்.

ஸ்டுடியோவில் கவனிக்க வேண்டியவை

கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் அடோபி பிரீமியர், டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் இருக்கும். பிரீமியரில் காமிரா படம் போட்ட சிறு பொத்தான் ஒன்று உண்டு. ரிசால்வில் கிராப் ஸ்டில் என்ற வசதி உண்டு. இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. வெளியே வரும் படம் மூலப் பதிவின் அளவில் வராது, அந்த வேலைக்காக அமைத்த டைம்லைன் அளவில்தான் வரும். 4 மெகாபிக்சல் பதிவைச் சிறிய டைம்லைனில் போட்டால் பாதிப் புள்ளி போய்விடும். சிறிய பதிவைப் பெரிய டைம்லைனில் போட்டால் இல்லாத புள்ளியை மென்பொருள் நிரப்பும். "டைம்லைன் மூல அளவில்தான் இருக்கிறதா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தோல் வியாபாரம், துணி வியாபாரம் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். சரக்கை வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒரு படத்தை வெட்டி நோட்டீசு அடிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சகத்தார் கணக்கு. அதன்படி 1920 புள்ளி அகலப் படம் 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும். சுவரொட்டிக்கு அது போதாது. தோலின் நிறமும் விளக்குக்கு விளக்கு மாறித் தெரியும். பழுப்புத் தோலைப் படத்தில் கண்டு ஆர்டர் கொடுத்த வியாபாரி, சரக்கு வந்ததும் வேறு பழுப்பு என்று திருப்பினால் நட்டம் யாருக்கு? விற்பனைப் படத்துக்கு வீடியோவை நம்பாமல், பகல் வெளிச்சத்தில் தனியே போட்டோ எடுப்பதே மேல்.

தெளிவாக்கும் மாயாஜாலம் வேண்டாம்

மங்கலான முகத்தை ஒரே தட்டில் பளிச்சென்று ஆக்கித் தரும் செயலிகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. வியாபாரத்துக்கு நாம் எதை நம்பினாலும் நம்பலாம், இவற்றை அடையாளம் காட்டுவதற்கு நம்பவே கூடாது. இவை மறைந்திருக்கும் முகத்தை வெளியே கொண்டுவருவதில்லை. புள்ளிகளுக்குப் பொருந்துகிற ஒரு முகத்தைத் தாமாகவே வரைந்துவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்னும் முறையில், முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மங்கலான படத்தைச் சிலர் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி என்றால், நம் கடைக்கு வந்து போகும் சாதாரண மனிதரின் கதி என்ன?

நகலில் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் செய்ய வேண்டியதைத் தடய அறிவியல் துறையினரிடம் விட்டுவிட வேண்டும்.

சம்பவத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஸ்டுடியோத் தம்பி எங்களிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அய்யா, நல்ல படம் அன்னிக்கு எடுக்கறது இல்லீங்க. காமிரா மாட்டற அன்னிக்கே எடுத்து முடிச்சாச்சு." சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஆகவே பின்வருவனவற்றை இந்த வாரமே கவனியுங்கள்.

வாசலுக்கென்று ஒரு காமிராவை ஒதுக்குங்கள். அது 10 அடி அகலத்தை மட்டும் பார்க்கட்டும். கூரையோடு ஒட்டி மாட்டினால் தலைமுடியும் தொப்பியும்தான் விழும். கைக்கு எட்டாத, ஆனால் முகத்துக்கு நேரே வருகிற உயரத்தில் இருக்க வேண்டும். தெருவை நோக்கிய காமிராவில் பகல் வெளிச்சம் பின்னால் அடித்து, முகம் கறுத்துவிடும். வெளிச்ச வேறுபாட்டைச் சமன் செய்யும் டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ள காமிராவையே அங்கு மாட்டச் சொல்லுங்கள்.

இரவில் வெளிச்சம் போதாவிட்டால் காமிரா தன் ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும். வினாடியில் 25இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், விரைந்து நடக்கும் ஆள் அதற்குள் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 30 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் இருசக்கர வண்டி 33 சென்டிமீட்டர் நகரும். அதன் எண் பலகையின் அகலமே 20 சென்டிமீட்டர்தான். எழுத்து எப்படித் தெரியும்? வினாடியில் 500இல் ஒரு பங்கு என்று வைத்தால் நகர்வு 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே புதிய காமிரா வாங்குவதற்கு முன் வாசலில் ஒரு நல்ல விளக்குப் போடுங்கள். செலவும் குறைவு, பலனும் அதிகம்.

நம் கடைகளுக்கென்றே உள்ள பகை தூசி. மிளகாய் வற்றல் மூட்டை பிரிக்கும் இடத்திலும் மாவு மில் பக்கத்திலும் ஒரே மாதத்தில் காமிராக் கண்ணாடி மங்கிவிடும். சிலந்தி வலை கட்டினால் இரவில் வெள்ளைத் திரை போட்டதுபோல் இருக்கும். வெள்ளிக்கிழமை கடை கழுவும்போது மெல்லிய துணியால் காமிராவையும் துடைக்கும் பழக்கம் வரட்டும்.

பெட்டியின் கடிகாரத்தையும் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். எங்கள் பெட்டி 17 நிமிடம் பின்தங்கி இருந்தது. லோடுமேன் லாரி அருகில் இருந்த நேரமும் பதிவின் நேரமும் ஒத்துப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்துக் கடைக் காமிராவும் நமக்குக் காவல்

2021 டிசம்பர் 15 அன்று வேலூர் தோட்டப்பாளையத்தில் பிரபல நகைக்கடை ஒன்றில் பின்பக்கச் சுவரைத் துளைத்துச் சுமார் 15 கிலோ தங்க நகை கொள்ளை போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். உள்ளே வந்தவர் முகமூடி அணிந்து, காமிராக்களின் மீது ஸ்பிரே அடித்தார். ஆயினும் ஒரு வாரத்துக்குள் போலீசார் ஆளைக் கைது செய்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்த நகைகளை மீட்டனர். கடைக்குள் இருக்கும் காமிராவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதே இதில் நமக்குப் பாடம். முகமூடி போட்டுத் திருடுகிறவரும் தெருவில் முகமூடியோடு நடந்து வருவதில்லை.

2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம் பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் காமிராவே இல்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருந்த காமிராக்களில் பதிந்த உருவத்தின் படத்தைத்தான் போலீசார் முதலில் வெளியிட்டனர். பின்னர் 2017 முதல் சென்னைக் காவல் ஆணையராக இருந்த ஏ.கே. விசுவநாதன் "மூன்றாவது கண்" என்று பெயரிட்டு, கடைக்காரர்களும் குடியிருப்போரும் காமிரா பொருத்தப் பெரும் முயற்சி எடுத்தார். நம் கடைத்தெருவிலும் கடைக்கு ஒரு காமிரா தெருவைப் பார்த்து இருந்து, எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டினால், ஒருவர் பதிவில் விட்டது இன்னொருவர் பதிவில் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எடுத்த படம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் மூலப் பதிவு வேண்டும், சான்றிதழும் வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இதைக் கூறியது. 2014லும் 2020லும் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுத்தால் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. இதன் அட்டவணையில் இரண்டு பகுதி கொண்ட படிவம் உண்டு. ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். மூலத்தில் கை வைக்கக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

பதிவு வெளிவராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று சான்று. வாரணாசி விடுதி ஒன்றில் 2010இல் இத்தாலி நாட்டவர் ஒருவர் இறந்தார். உடன் தங்கியிருந்த இருவருக்குக் கீழ் நீதிமன்றங்கள் தண்டனை விதித்தன. விடுதியில் காமிரா இருந்தும் பதிவு நீதிமன்றத்துக்கு வரவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் பெரும் குறையாகக் கருதி, இருவரையும் விடுதலை செய்தது. காமிரா குற்றவாளியைக் காட்டுவதற்கு மட்டும் அல்ல, நிரபராதியைக் காப்பதற்கும்தான் என்பதை நாம் உணர வேண்டும்.

இன்னொன்று. ஒருவரைத் திருடர் என்று சொல்லிப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது விளையாட்டுக் காரியம் அல்ல. அது பொய்யானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறு வழக்கு நம் மீதே திரும்பலாம். படம் போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

முடிவாக

மூன்றாம் நாள் மாலை நாங்கள் லோடுமேன் வீட்டுக்குப் போனோம். தெளிவான அந்தப் படத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தோம். அவர் படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. "நான் இல்லைன்னு எனக்குத் தெரியும் அய்யா. நீங்க பார்த்தா போதும்" என்றார். அதே வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பெயரிலேயே வருத்தம் தெரிவித்து எழுதினோம். அவர் பள்ளிக்கூடத்தைச் சொன்ன பிறகு, அங்கும் சென்று தலைமையாசிரியரிடம் விளக்கினோம். ஒரு வாரம் கழித்து அவர் மண்டிக்குத் திரும்பினார். இன்றும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். ஆனால் கல்லா மேசைப் பக்கம் வர நேர்ந்தால், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகிறார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது காமிராக் கண்ணுக்கும் சேர்த்துத்தான். வணிகர்கள் ஒவ்வொருவரும் இன்று கடை அடைக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஆள் ஒருவரை வாசல் வழியாக நடந்து வரச் சொல்லுங்கள். அவருடைய பதிவைப் பென் டிரைவில் எடுத்து, ஒரு படத்தை வெளியே எடுங்கள். அவரை அறியாத ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, கடையில் நிற்பவர்களில் இவர் யார் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் உங்கள் காமிரா வேலை செய்கிறது. முடியாவிட்டால், அதைச் சரிசெய்யும் வரை அந்தக் காமிராவை வைத்து எவர் மீதும் பழி சொல்லாதீர்கள்.